கார்டின் பின்பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள சுண்டு,

நீயும் உன் வீட்டுக்காரியும் வாண்டும் சுகந்தானே? நாங்களும் சுகம் என்று எழுதினால் பொய். உன் மாமாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றாகிவிட்டது. காலை ஆறு மணிக்குப் படுக்க வைத்தால் பத்தரைக்குத்தான் ஊசியைக் கழற்றுகிறார்கள். நாளொன்றுக்கு மூன்று டம்ளர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு வாய் கிடையாது. டிசம்பரில் நீ வந்து பார்த்தாயே, அதைவிட இப்போது பாதியாகிவிட்டார். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நமக்குள் சண்டை வருகிறது. லைன் சரியில்லை என்று புளுகிவிட்டு நீ வைத்துவிடுகிறாய். எழுதினால் ஓட முடியாது. தவிர, உன்னால் எனக்கு ஆபீஸ் வேலை ஒன்று ஆக வேண்டியிருக்கிறது.

எங்கள் ஆங்கில-தமிழ் அகராதி 'எஸ்' எழுத்தின் கடைசிப் பக்கங்களுக்கு வந்துவிட்டது. 'ஸ்வாப்' என்ற சொல் என் மேஜையில் வந்து விழுந்திருக்கிறது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொள்வது, அவ்வளவுதானே என்று அசட்டையாக எடுத்தேன். உட்கார்ந்த பிறகுதான் கஷ்டம் தெரிகிறது. பண்டமாற்று என்பதை 'பார்ட்டர்' எடுத்துக்கொண்டு போய்விட்டது. பரிமாற்றம் 'எக்ஸ்சேஞ்சு'க்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது மாற்றிக்கொள்ளுதல் ஒன்றுதான். சட்டையையும் மாற்றிக்கொள்கிறோம், பேச்சையும் மாற்றிக்கொள்கிறோம், எதைச் சேர்ப்பது? எங்கள் தலைமை ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பேர் கத்தரி. "உதாரணம் கொண்டாங்கம்மா. உதாரணம் இல்லாம அர்த்தம் எழுதினா வெட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

நீ வீட்டுச் சாமான் கடையில் எக்ஸ்சேஞ்ச் கவுன்ட்டரில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாய். பழையதைக் கொடுத்துப் புதியது எடுக்க வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டது கேட்டபடி எழுதி அனுப்பு. காகிதத்தை அரைப் போஸ்ட்கார்டு அளவுக்கு வெட்டிக்கொள். ஒரு துண்டுக்கு ஒரு வாக்கியம். யார் சொன்னது, எந்தத் தேதி, இரண்டும் வேண்டும். நல்ல காகிதத்தை வீணாக்காதே, ஒரு பக்கம் காலியாக இருந்தால் போதும். எங்கள் கார்டு டப்பாவில் இருப்பதில் பாதி அப்படித்தான்.

ஆஸ்பத்திரியிலும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். உன் மாமாவுக்கு ஏ குரூப், எனக்கு பி. என் கிட்னி அவருக்கு ஆகாது. ஆனால் எங்கேயோ ஒரு வீட்டில் நோயாளிக்கு பி குரூப்பும், கொடுக்க வருகிறவருக்கு ஏ குரூப்புமாக இருந்தால், நான் அந்த நோயாளிக்குக் கொடுப்பேன், அந்த வீட்டு ஆள் உன் மாமாவுக்குக் கொடுப்பார். இதற்குத்தான் ஸ்வாப் என்று பேர். பட்டியலில் எங்கள் பேரைச் சேர்த்திருக்கிறார்கள். உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன். வேறொன்றும் கேட்கவில்லை.

வாண்டுவின் கன்னத்தை என் சார்பில் கிள்ளு.

உன் அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவை ரொம்பக் கேட்டதாகச் சொல், தைரியமாக இருக்கச் சொல். இங்கே எல்லோரும் சுகம். வாண்டுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, பேசினால் காற்றுதான் வருகிறது.

சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாய். எங்கள் கடை வாசலில் 'ஸ்வாப் வாரம்' என்று எட்டடிக்கு போர்டு வைத்திருக்கிறார்கள். வாரம் ஆரம்பித்து நாலு மாசம் ஆகிறது. நேற்று ஒருத்தர் ஃபிரிட்ஜைக் கொண்டுவந்து இறக்கினார். வெளியே துடைத்த துடைப்பில் முகம் பார்த்துத் தலை சீவலாம். கதவைத் திறந்தேன். கீழ் டப்பாவில் அரைத் தர்பூசணி. எந்த வருஷத்துத் தர்பூசணி என்று அவருக்கே தெரியாது. மேலே பச்சையாக ரோமம் முளைத்து, அடியில் கொழகொழவென்று தண்ணீர் விட்டு... வேண்டாம், நீ சாப்பிடுகிற நேரத்தில் படித்தாலும் படிப்பாய். "அதுவும் ஸ்வாப்ல சேர்த்திதான் சார், வச்சுக்குங்க" என்று சிரிக்கிறார். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. போன வாரம் ஒரு வாஷிங் மெஷினுக்குள்ளே பல் செட். கூப்பிட்டுச் சொன்னால், "அங்கேயா இருக்கு?" என்று வந்து, சட்டையில் ஒரு துடை துடைத்து அங்கேயே வாயில் மாட்டிக்கொண்டு போகிறார்.

கொடுக்க வருகிறவன் ஒருத்தனும் பழுதைச் சொன்னதில்லை அக்கா. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்பான். நான் பின்பக்கம் திருப்பிப் பார்த்த பிறகுதான் அவன் முகம் மாறும்.

இத்துடன் ஆறு கார்டு வைத்திருக்கிறேன். 'கைமாற்று' என்று வைத்தால் என்ன?

ஆஸ்பத்திரிப் பட்டியல் விஷயம் படித்தேன். விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது. நல்லதே நடக்கும்.

அன்புத் தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள சுண்டு,

உன் உடம்பும் உன் வீட்டார் உடம்பும் சௌக்கியமாக இருக்கட்டும். கைமாற்று என்றால் அவசரத்துக்குக் கடன் வாங்குவது. மண்டு. எக்ஸ்சேஞ்ச் கவுன்ட்டரில் உன்னை யார் வைத்தார்கள்?

கார்டுகளில் நாலு தேறியது. தர்பூசணிக்காரர் சொன்னதைக் கத்தரி இரண்டு தடவை படித்துச் சிரித்தார். சாமானை மாற்றுவது முதல் பொருள். உட்காரும் இடத்தை, வேலை நேரத்தை மாற்றிக்கொள்வது இரண்டாவது. மூன்றும் நான்கும் கம்ப்யூட்டர்க்காரர்களுக்கும் பேங்க்காரர்களுக்கும். ஐந்தாவதாக நான் ஆஸ்பத்திரி அர்த்தத்தைச் சேர்க்கச் சொல்கிறேன். அதற்கும் நம்பும்படியான உதாரணம் கேட்கிறார்.

உதாரணம் கிடைத்துவிட்டது, சுண்டு. ஒரு குடும்பம் பொருந்தியிருக்கிறது. நோயாளி ஒரு ரோடு கான்ட்ராக்டர், பி குரூப். அவருக்குக் கொடுக்க முன்வந்திருப்பது அவருடைய மருமகள், ஏ குரூப்.

இதில் ஒரு விதி இருக்கிறது. கொடுக்கிற இரண்டு பேருக்கும் ஒரே காலையில், ஒரே நிமிஷத்தில், பக்கத்துப் பக்கத்து அறையில் மயக்க ஊசி போடுவார்களாம். ஏன் என்று கேட்டேன். "ஒருத்தர் வாங்கிக்கிட்ட பிறகு மத்தவங்க மாட்டேன்னுட்டா என்ன பண்றது? கோர்ட்டுக்குப் போயி கிட்னியத் திருப்பி வாங்க முடியாதும்மா" என்றார், இதையெல்லாம் கவனித்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் அம்மாள். எத்தனை பேரைப் பார்த்து இந்த விதியைப் போட்டார்களோ. மனுஷனை நம்பாத இந்த விதியைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு கசந்தது. ஆனாலும் சரி என்று தலையாட்டினேன்.

அந்தக் குடும்பத்தைக் காத்திருக்கும் அறையில் பார்த்தேன். கான்ட்ராக்டருக்கு இரண்டு மகன்கள், இரண்டும் எருமை மாடு மாதிரி ஆரோக்கியம். ஒருவன் சுவரில் காலை ஊன்றிக்கொண்டு பிஸ்கட் தின்றான். தூள் தரையெல்லாம் கொட்டியது. நான் கேட்காமலே மாமியார் சொல்கிறாள்: "பசங்க ஓடியாடி வேலை பாக்கறவங்க. அவங்க உடம்புல கை வைக்க முடியுங்களா? இவதான் ஆசைப்பட்டு நான் தர்றேன்னா." அந்தப் பெண்ணுக்கு இருபத்துநாலு வயசு இருக்கும். மடியில் இரண்டு வயதுக் குழந்தை. ஆசைப்பட்ட முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அது இல்லை.

அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். உன் மாமா பிழைக்க வேண்டும், எனக்கு இப்போது வேறெதுவும் தெரியாது.

சீக்கிரம் பதில் போடு.

அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஸ்டாக் எடுக்கிற வேலை, நிமிர நேரமில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! நெஞ்சில் இருந்த கல்லை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. வீட்டுக்காரியிடம் உடனே சொன்னேன். அவளும் அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் ஒருவருக்கும் ஒரு கவலையும் இல்லை.

முகத்தைப் பார்த்து எதையும் முடிவு பண்ணாதே. கவுன்ட்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள், போகும்போது புது மிக்சியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

இன்னும் எட்டு கார்டு வைத்திருக்கிறேன். ஸ்டாக் எடுக்கிற அமளியில் கைக்குக் கிடைத்த காகிதத்தையெல்லாம் அட்டைப்பெட்டி அறுக்கிற கத்தியால் வெட்டினேன், ஓரம் கோணலாக இருந்தால் திட்டாதே. மாமா தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாக இருக்கட்டும்.

தம்பி


மார்ச் 6

அன்புள்ள சுண்டு,

எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். கார்டுகள் வந்தன. படித்துவிட்டு அப்படியே டப்பாவில் போட்டுவிட்டேன். மனசு அதில் இல்லை.

ஆபரேஷன் மார்ச் 28. நேற்று எங்கள் இரண்டு வீட்டையும் கடைசிச் சுற்றுப் பரிசோதனைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் கை கழுவப் போனேன். அந்த ஆஸ்பத்திரிக் கழிவறையைப் பற்றிச் சொன்னால் உன் தர்பூசணி தோற்றுவிடும், விடு. அந்தப் பெண் அங்கே குழாயைத் திறந்து விட்டுவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கதவைத் தள்ளி மூடினாள்.

"அக்கா, உங்க வீட்ல வேற யாருமே இல்லியா?" என்றாள்.

"எதுக்கு?"

"ஏ குரூப்புல. உங்க வீட்டுக்காரருக்குக் குடுக்க. வேற ஆள் கெடச்சா உங்களுக்கு நான் தேவைப்பட மாட்டேன்ல. நானா மாட்டேன்னு சொல்ல முடியாதுக்கா. சொன்னா குழந்தைய வச்சுக்கிட்டு என்னை எங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீங்களா வேணாம்னு சொன்னா எம்மேல பழி வராது."

டாக்டர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "வெளில வந்ததும் என்ன கேட்டாங்க, என்ன சொன்னேன்னு ஒண்ணு விடாமக் கேப்பாங்கக்கா" என்றாள்.

சுண்டு, நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேற யாரும் இல்லம்மா" என்றேன். சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு, ஈரக் கையை உதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஒருங்கிணைப்பாளர் அம்மாள் பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்க்கவே கூசியது. சீ, நானும் ஒரு மனுஷியா?

ராத்திரியும் பகலும் அந்தப் பெண்ணின் கிட்னியை இவர் வயிற்றுக்குள் வைத்து நினைத்துப் பார்க்கிறேன். குமட்டுகிறது. இவருடைய கையில் ஊசி போட்டுப் போட்டு வீங்கிக் கிடக்கும் நரம்பைப் பார்த்தால் அதுவும் மறந்துபோகிறது. நான் என்ன பண்ணட்டும்?

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது, இன்றே பதில் போடுகிறேன். தயவுசெய்து இதில் தலையிடாதே. அது அவர்கள் வீட்டு விஷயம். கையெழுத்துப் போட்டிருக்கிறாள், வயசு வந்த பெண். ஆபரேஷன் என்றால் யாருக்கும் கடைசி நேரத்தில் கொஞ்சம் உதறல் இருக்கத்தான் செய்யும். நீ வாயைத் திறந்தால் மாமா கதி என்ன என்று யோசி. வேறு வழி இல்லை என்று உனக்கே தெரியும்.

28-ஆம் தேதி நல்லபடியாக முடியட்டும். நான் லீவு போட்டுவிட்டு வந்து கூட இருக்கிறேன்.

தம்பி


மார்ச் 17

சுண்டு,

நலம் விசாரிக்க மனசில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஒரு குறையும் இல்லாமல் இரண்டும் பத்திரமாக இருக்கும்.

கத்தரிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கார்டையும் பின்பக்கம் திருப்பிப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்ப மாட்டார். எழுதியவர் பின்னால் ஏதாவது குறித்திருப்பார் என்று. நேற்று உன் எட்டுக் கார்டையும் எடுத்தார். ஐந்தாவதைத் திருப்பியவர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, "என்னம்மா இது, உங்க ஆஸ்பத்திரி பேரு இருக்கு?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். 'கொடுப்பவர்: நோயாளியின் மைத்துனர். ரத்த வகை: ஏ. டிசம்பர் 14.' அதோடு காகிதம் அறுபட்டிருந்தது. மற்றக் கார்டுகளையெல்லாம் கவிழ்த்துப் போட்டுத் தேடினேன். ஏழாவதில் கீழ்ப் பாதி இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தேன், உன் கோணல் ஓரம் கச்சிதமாகப் பொருந்தியது. 'பொருத்தம் உண்டு. மேற்கொண்டு பரிசோதனைகளுக்கு வரவும்.'

டிசம்பர் 14. பஸ் டிக்கெட் எடுக்கப் போகிறேன் என்று அரை நாள் காணாமல் போனாயே, அன்றைக்கு. வந்து உன் மாமா பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டாய். எவ்வளவு பாசம் என்று நான் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். த்தூ.

நான் கேட்கவே இல்லையே, சுண்டு! கேட்டிருந்தால்தான் நீ மாட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்று கடைசிவரை உன்னை நான் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் தலையைத் தடவிக் கொடுத்திருப்பேன். ஆனால் நீ என்ன செய்தாய்? உன் இடத்தில் படுக்க ஒரு பெண் கிடைத்ததும் கல்லை இறக்கி வைத்தாற்போல் இருக்கிறது என்று எழுதினாய். அவள் 'வேற யாருமே இல்லியா' என்று கேட்டதை உனக்கு எழுதினேன். அதைப் படித்துவிட்டுத்தான் அன்றைக்கே, ஆறாவது நாளே, 'தலையிடாதே' என்று பதில் போட்டாய். உன் கடிதங்களிலேயே சீக்கிரம் வந்தது அதுதான்.

வெளியே துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறாய். உள்ளே திறந்தால் குமட்டுகிறது.

தெரியாமல் அந்தக் காகிதத்தை வெட்டினாயா, தெரிந்தே அனுப்பினாயா? அதை மட்டும் எழுது.


மார்ச் 25

சுண்டுவுக்கு,

பதில் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உன் பாடு.

ஒருங்கிணைப்பாளர் அம்மாளிடம் கழிவறையில் நடந்ததைச் சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்தாள். பிறகு, "நல்ல வேளை சொன்னீங்க. அந்தப் பொண்ணு பேரு வெளில வராது" என்றாள். மறுநாள் இரண்டு குடும்பத்தையும் உட்கார வைத்து, கடைசிப் பரிசோதனையில் பொருத்தம் சரிவரவில்லை, இந்தப் பெண்ணால் இனி யாருக்கும் கொடுக்க முடியாது என்று டாக்டர் அறிவித்துவிட்டார். மாமியார் அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்து, "இதுக்குக்கூட லாயக்கில்ல" என்றாள். பிஸ்கட் தின்கிறவன் அப்போதும் தின்றுகொண்டுதான் இருந்தான். "அடுத்து உங்க ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுக்கலாமா?" என்று டாக்டர் கேட்டதும் மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. அதை மட்டும் நான் ரசித்தேன்.

அந்தப் பெண் வாசலில் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு போனாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் சரி.

உன் மாமாவிடம் அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் சொன்னேன், உன்னைப் பற்றி மூச்சுவிடவில்லை. "இதை மொதல்லயே சொல்லியிருக்க வேண்டாமா? அந்தப் பிள்ளையோடத வச்சுக்கிட்டு நான் எப்படித் தூங்குவேன்?" என்று கோபித்துக்கொண்டார். என்மேல் அவர் கோபப்பட்டு எத்தனை நாளாயிற்று! பிறகு மணி பார்த்துவிட்டு மூன்றாவது டம்ளர் தண்ணீரைக் கேட்டார்.

திரும்பவும் பட்டியலில் கடைசியில் நிற்கிறோம். இன்னும் எவ்வளவு காலம் தாங்குவார் என்று நான் கேட்டதற்கு, டாக்டர் வருஷக் கணக்கில் சொல்லாமல் மாசக் கணக்கில்தான் பதில் சொன்னார்.

அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இதோடு எத்தனையோ கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

தெரியாமல் வெட்டினேனா, தெரிந்தா என்று கேட்டாய். அந்தக் காகிதம் டிசம்பரிலிருந்து கவுன்ட்டர் டிராயரில் கிடந்தது. கிழித்துப் போடவும் கை வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் தைரியமில்லை. அன்றைக்கு வெட்டும்போது வெள்ளைப் பக்கம்தான் மேலே இருந்தது. நான் திருப்பிப் பார்க்கவில்லை. பதினோரு வருஷமாக எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்கிறவன் அதை மட்டும் ஏன் திருப்பவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

டிசம்பரில் கொடுக்க வேண்டும் என்றுதான் போனேன், நானே சொல்லும்வரை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டேன். ரிசல்ட் தபாலில் வந்ததும் பயந்துபோய் டிராயருக்குள் தள்ளிவிட்டேன். ஒரு பாகத்தைக் கழற்றிவிட்ட மெஷினுக்கு நான் என்ன விலை போடுவேன் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரி, "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா யாரு குடுப்பா?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒளிந்துகொண்டேன். அவள்மேல் குற்றமில்லை. அந்தப் பெண் கிடைத்தபோது சந்தோஷப்பட்டது நிஜம்.

நான் வருகிறேன் அக்கா. கொடுக்கிறேன். ஒன்றே ஒன்று. அந்த இரண்டு கார்டையும் எனக்குத் திருப்பி அனுப்பிவிடு. மாமாவுக்கோ, வாண்டுக்கோ, வேறு யாருக்கும் நான் நாலு மாசம் ஒளித்து வைத்தது தெரியக் கூடாது. நானாக ஓடி வந்ததாக இருக்கட்டும். கார்டு கைக்கு வந்ததும் கிளம்புகிறேன்.

தம்பி


ஏப்ரல் 16

சுண்டுவுக்கு,

உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கட்டும்.

கடிதத்தின் பாதி வரை அழுதுகொண்டு படித்தேன். கடைசிப் பத்தியில் கண்ணீர் நின்றுவிட்டது. உன் மாமா உயிருக்கு இரண்டு துண்டுக் காகிதமா விலை? கவுன்ட்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து நீ அந்தப் புத்தியாகவே ஆகிவிட்டாய். எதைக் கொண்டுவந்தாலும் பதிலுக்கு ஒன்று கேட்க வேண்டும் உனக்கு.

எங்கள் ஆபீஸில் டப்பாவுக்குள் போன கார்டு வெளியே போகாது. முப்பது வருஷத்தில் போனதில்லை. நான் கத்தரியிடம் போய், தம்பி எழுதியது தப்பு, இரண்டு கார்டு வேண்டும் என்று நின்றேன். அவர் எதையும் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டு, "காணாமப் போச்சுன்னு எழுதிக்கிறேன்" என்றார்.

இரண்டும் இதற்குள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்துக்கொள். நகல் எடுக்கவில்லை.

யாராவது முதலில் கொடுத்தால் ஏமாந்துபோவார்கள் என்றுதான் ஆஸ்பத்திரியில் ஒரே நிமிஷத்தில் ஊசி போடுகிறார்கள். நான் முதலில் கொடுத்துவிட்டேன். நீ வந்தால் வா, வராவிட்டால் போ. எப்படியும் இனி உன்மேல் எனக்குப் பிடி ஒன்றும் இல்லை.

அக்கா


மே 9

அக்காவுக்கு,

உன் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி, கடைசிக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். கொடுக்க ஆள் கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொல்லி மாமாவை அட்மிட் பண்ணியிருக்கிறார்களாம், நீ மேலே மூன்றாவது மாடியில் அவரோடு இருப்பாய். பரிசோதனைக்காக இரண்டு வாரமாக இந்த ஊரில்தான் லாட்ஜில் இருக்கிறேன். எல்லாம் முடிகிறவரை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று ஒருங்கிணைப்பாளர் அம்மாளிடம் கேட்டுக்கொண்டேன். நடுவில் ஓடிவிட்டால் உனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான். இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரை போனேன். ஒரு தடவை டிக்கெட்டும் எடுத்தேன்.

அந்த இரண்டு கார்டையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். டப்பாவில் போடு, சுவரில் ஒட்டு, யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. மாமாவுக்கு நீயே சொல்லிவிடு. என்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டுக்காரி வாண்டுவோடு நாளைக்கு வருகிறாள், அவளை எதுவும் சொல்லாதே.

ஐந்தாம் பொருளுக்கு உதாரணம் கேட்டிருந்தாயே, ஒரு புதுக் கார்டும் வைத்திருக்கிறேன்:

'என் கிட்னியை மாமாவுக்கு ஸ்வாப் போட்டேன். — எக்ஸ்சேஞ்ச் கவுன்ட்டர்க்காரர், மே 9.'

பின்பக்கம் திருப்பிப் பார். இந்தத் தடவை பார்த்துத்தான் வெட்டினேன். என் அட்மிஷன் சீட்டு.

சுண்டு


மே 10

அன்புள்ள சுண்டு,

நர்ஸம்மா கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். ஒரு மாடி இறங்கி வர எனக்குக் காலில்லாமல் இல்லை. வந்தால் உன்னை அடித்தாலும் அடிப்பேன், கட்டிக்கொண்டு அழுதாலும் அழுவேன். இரண்டும் நாளைக்கு ஆபரேஷனுக்குப் போகிறவனுக்கு ஆகாது.

உன்மேல் இருந்த அருவருப்பு முழுசாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கொஞ்சம் இருக்கிறது. என்மேலும் கொஞ்சம் இருக்கிறது. அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் கார்டு உதவாது. மாற்றிக்கொள்வது என்றால் பதிலுக்கு ஏதாவது கைக்கு வர வேண்டும். நீ கேட்ட இரண்டு துண்டையும் நீயே திருப்பி அனுப்பிவிட்டாய். உன் கையில் ஒன்றும் இல்லை. பிறகு எப்படி இது இந்தச் சொல்லுக்கு உதாரணமாகும்? போன் பண்ணிக் கத்தரியிடம் படித்துக் காட்டினேன். "ஜி டப்பாவுல, 'கிவ்'வுல போடுங்கம்மா" என்றார். ஜி அச்சாகி எட்டு வருஷம் ஆகிறது. அடுத்த பதிப்பு வரும்வரை உன் கார்டு காத்திருக்க வேண்டியதுதான்.

உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், டிசம்பர் 14 உட்பட. அந்த இரண்டு கார்டையும் வாங்கிச் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு, "அவன் அன்னிக்கு ஏன் அப்படிக் காலப் புடிச்சு விட்டான்னு எனக்கு அப்பவே என்னமோ மாதிரி இருந்துச்சு" என்றார். அப்புறம் தண்ணீர் கேட்டார். இன்றைய மூன்று டம்ளரும் முடிந்துவிட்டது என்றேன்.

"தெரியும். நாலாவது டம்ளர் எனக்கு எப்ப குடிக்கலாம்னு சொல்றாங்களோ, அன்னிக்கு அவன் கையால குடுக்கச் சொல்லு" என்றார்.

ராத்திரிக்கு மேல் நீயும் தண்ணீர் குடிக்கக் கூடாதாம், நர்ஸம்மா சொன்னார். குடித்துத் தொலைக்காதே.

உன் அக்கா